கண் அழுத்தம் வேறு, கிளாக்கோமா வேறு

கண்ணாடி மாற்றப் போன இடத்தில் "கண்ணில் பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு, 25" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அந்த 25தான் நோய் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. இன்னொருவருக்கு 15 என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நார்மல்தானே என்று அவர் நிம்மதியாக இருந்துவிடுகிறார். சில வருடம் கழித்துப் பார்த்தால் 25 உள்ளவரின் பார்வை நரம்பு ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். 15 உள்ளவர் ஓரப் பார்வையில் பெரும்பகுதியைத் தொலைத்திருக்கலாம். இரண்டுமே நடப்பதுதான். அப்படியொன்றும் அபூர்வமும் இல்லை.

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு ஒரு குறிப்பிட்ட விதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும் நோய். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் அதற்கு மிகப் பெரிய காரணம். நம்மால் குறைக்க முடிந்த காரணம் என்று பார்த்தால் இன்றைக்கு அது ஒன்றுதான். வயது, பரம்பரை, கார்னியா என்கிற கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தின் தடிமன் ஆகியவற்றை மாற்றி நோயைத் தடுக்க யாராலும் முடியாது. அதனால்தான் எல்லா சிகிச்சையும் அழுத்தத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் அழுத்தமே நோய் கிடையாது. இது பிடிபட்டுவிட்டால் டாக்டர் சீட்டில் எழுதும் "ஓப்பன் ஆங்கிள்" (திறந்த கோணம்), "நேரோ ஆங்கிள்" (குறுகிய கோணம்), "சஸ்பெக்ட்" (நோய் இருக்குமோ என்ற சந்தேகம்) எல்லாம் புரிய ஆரம்பிக்கும். அப்புறம் "எவ்வளவு இருக்கு?" என்பதோடு நிறுத்தாமல் "எதனால் கூடியது, நரம்பு எப்படி இருக்கு?" என்றும் கேட்கத் தோன்றும்.

கண்ணுக்குள் எதற்கு அழுத்தம்?

கண் உருண்டை தன் வடிவம் குலையாமல் நிற்க உள்ளே ஓரளவு அழுத்தம் வேண்டும். கண்ணின் முன்பகுதியில் சுரக்கும் தெளிவான ஒரு திரவம்தான் அதைத் தருகிறது. கண்ணீரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்ணீர் கண்ணுக்கு வெளியே, இது உள்ளே. ஐரிஸ் என்கிற நிறத் திரைக்குப் பின்னால் இருக்கும் திசு இதை இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான். முன்னறையில் எந்த நேரமும் இருப்பது கால் மில்லிலிட்டர் அளவு. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அது முழுவதும் புதிதாகிவிடும். கார்னியாவிலும் லென்ஸிலும் ரத்தக் குழாய் கிடையாது என்பதால் அவற்றுக்குச் சாப்பாடு போடுவதும் இந்தத் திரவம்தான்.

சுரந்த திரவம் லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் நடுவே புகுந்து, கண்ணின் நடுவில் தெரியும் கருப்பு வட்டமான பாப்பா வழியாக முன்னறைக்கு வருகிறது. அங்கிருந்து ஐரிஸின் ஓரமும் கார்னியாவும் சந்திக்கும் மூலைக்குப் போகிறது. அந்த மூலைக்குத்தான் 'கோணம்' என்று பெயர். மூலையில் வலைப் பின்னலாக ஒரு வடிகட்டித் திசு இருக்கிறது. அதைக் கடந்து ஷ்லெம் கால்வாயில் இறங்கி, அப்படியே ரத்த நாளங்களில் கலந்துவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் இந்த வழியில் போகாமல் தசை இழைகளுக்கு இடையே கசிந்து வெளியேறும். சில சொட்டு மருந்துகள் இந்தப் பின்வழியைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றன.

பாத்திரம் கழுவும் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒரே சீராகத் திறந்திருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்றால் கோளாறு அநேகமாக வடிகாலில்தான். வடிகால் ஜாலி பார்வைக்குத் திறந்தே இருக்கும், ஆனால் கண்ணிகளுக்குள் பிசுக்கு சேர்ந்து தண்ணீர் மெதுவாக இறங்கும். இது ஒரு வகை. ஜாலியில் எந்தக் குறையும் இல்லை, ஒரு தட்டு நழுவி வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது என்றால் அது வேறு வகை. முதலாவது திறந்த கோண கிளாக்கோமா. இரண்டாவது மூடிய கோண கிளாக்கோமா. அங்கே தட்டாக வந்து மூடுவது ஐரிஸ். இரண்டிலும் அழுத்தம் கூடுகிறது. ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் போதாது.

நரம்பில் என்ன நடக்கிறது

விழித்திரையிலிருந்து புறப்படும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் கண்ணின் பின்சுவரில் ஒரே இடத்தில் கூடி, துளைகள் நிறைந்த ஒரு மெல்லிய தகட்டின் வழியாக மூளைக்குக் கிளம்புகின்றன. கண் சுவர் முழுவதிலும் பலவீனமான இடம் அதுதான். உள்ளே அழுத்தம் கூடும்போது தகடு பின்பக்கமாக வளைகிறது, துளைகளில் நுழைந்திருக்கும் இழைகள் நெரிபடுகின்றன. அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைகிறது. இழைகள் ஒவ்வொன்றாகச் சாகும்போது, அவை கூடும் அந்த இடமான நரம்பு முகப்பின் நடுவே உள்ள குழி அகலமாகிறது. சீட்டில் "கப் 0.7" என்று எழுதினால், முகப்பின் விட்டத்தில் குழி 10இல் 7 பங்கு இருக்கிறது என்று பொருள். பிறவியிலேயே பெரிய நரம்பு முகப்பு உள்ளவர்களுக்குக் குழியும் பெரிதாகத்தான் இருக்கும். ஆகவே இந்த எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. வருடாவருடம் அது மாறுகிறதா, இரண்டு கண்ணுக்கும் இடையே 0.2க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் கவனிப்பார்.

இவ்வளவு நடந்தும் ஏன் நமக்குத் தெரிவதில்லை? பெரும்பாலும் வலி கிடையாது. முதலில் போவது மூக்குப் பக்கத்து ஓரமும், நடுப்பார்வைக்கு மேலும் கீழும் வில்லாக வளைந்த சில பகுதிகளும். ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் ஈடுகட்டிவிடும். மிச்சத்தை மூளை அக்கம்பக்கத்து நிறத்தை வைத்துத் தானே நிரப்பிக்கொள்ளும். கருப்புத் திட்டு எதுவும் தெரியாது. இருக்க வேண்டியது இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். படிக்கட்டின் கடைசிப் படி தவறுவது, பக்கத்திலிருந்து வந்த ஆள் திடீரென்று முளைத்த மாதிரி தெரிவது போன்ற சங்கதிகளுக்கு நாம் வேறு காரணம் சொல்லிக்கொள்வோம். எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கடகடவென்று வாசிப்பவருக்கும் நோய் வெகுதூரம் முற்றியிருக்க முடியும். அந்தப் பலகை சோதிப்பது நடுப்பார்வையை. கிளாக்கோமா அதைக் கடைசியில்தான் தொடும். உலகில் திரும்பப் பெற முடியாத பார்வையிழப்புக்கு முதல் காரணமாக இது இருப்பது இந்த ஓசையில்லாத போக்கினால்தான்.

21 எங்கிருந்து வந்தது?

10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை நார்மல் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அந்த 21 என்ன கணக்கு? 1950களில் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கண் அழுத்தம் அளந்து பார்த்தார்கள். சராசரி 15.5 அளவில் வந்தது. புள்ளியியல் கணக்குப்படி பெரும்பாலானோர் அடங்கும் மேல் எல்லை 21க்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தக் கோட்டைத் தாண்டினால் நரம்பு கெடும், தாண்டாவிட்டால் கெடாது என்று யாரும் அப்போது நிரூபிக்கவில்லை, பிற்பாடும் நிரூபிக்கவில்லை. வசதியான ஒரு எல்லைக்கோடு, அவ்வளவுதான். அதற்கு இத்தனை வருடமாக இவ்வளவு மரியாதை கொடுத்து வருவது என் பார்வையில் கொஞ்சம் அதிகப்படி.

அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அழுத்தத்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. கார்னியாவை லேசாக அழுத்தித் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்த்து அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். கார்னியா இயல்பிலேயே தடித்திருந்தால் கூடுதல் விசை வேண்டும். எண் கூடுதலாகக் காட்டும். மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும். சராசரித் தடிமன் 540 மைக்ரான் சுமார். கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்கிற லேசர் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கார்னியா மெலிந்திருக்கும். அவர்களிடம் 16 என்று வந்தால் உண்மை அதற்கு மேலே இருக்க வாய்ப்புண்டு. எந்த டாக்டரிடம் போனாலும் லேசிக் செய்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போதாததற்கு, அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. நார்மல் கண்ணிலேயே 3 முதல் 6 மி.மீ. வரை ஏறி இறங்கும். கிளாக்கோமா கண்ணில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். படுத்தாலே கொஞ்சம் ஏறும். காலை 11 மணிக்கு ஒரே ஒரு முறை அளந்த எண் அந்த நிமிடத்தின் கதையை மட்டும்தான் சொல்கிறது. காற்றைப் பீய்ச்சி அளக்கும் கருவியில் கண்ணை இறுக்கி மூச்சைப் பிடித்தால் எண் எகிறிவிடுவதும் உண்டு. அதனால் ஒரு தடவை கூடியிருந்தால் வேறு நாளில், வேறு நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அது டாக்டருக்குச் சந்தேகம் தீராததால் அல்ல, அதுதான் முறை.

அழுத்தம் மட்டும் கூடியவர்கள்

எண் 21க்கு மேல் இருக்கிறது, கோணம் திறந்திருக்கிறது, நரம்பிலும் ஓரப்பார்வையிலும் குறையே இல்லை. இந்த நிலைக்குக் கண் உயர் அழுத்தம் என்று பெயர். இன்னும் நோய் இல்லை, நோய் வரக்கூடிய ஆபத்து மட்டும் இருக்கிறது.

இவர்களுக்கு மருந்து போட வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002இல் பதில் சொன்னது. மருந்து போட்டவர்களில் 5 ஆண்டுக்குள் கிளாக்கோமா வந்தது 4.4 சதவீதம் பேருக்கு. போடாதவர்களில் 9.5 சதவீதம். ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்தது என்று இதைப் படிக்கலாம். மருந்தே போடாமல் 5 ஆண்டு கடந்தவர்களில் 10இல் 9 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் படிக்கலாம். இரண்டுமே சரி. எனவே வயது, கார்னியாவின் தடிமன், குழியின் அளவு, அழுத்தம் எந்த அளவில் இருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து தொடங்குவார்கள். மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனை. "மருந்து தராமல் அனுப்பிவிட்டாரே" என்று டாக்டரைச் சந்தேகிக்க வேண்டாம். மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டால்தான் பிரச்சினை.

திறந்த கோண வகை

உலகளவில் அதிகம் காணப்படுவது இதுதான். மூலை நன்றாகத் திறந்திருக்கும், வடிகட்டித் திசு மட்டும் உள்ளுக்குள் மெல்ல அடைபடும். வலியில்லை, சிவப்பில்லை. 40 வயதுக்கு மேல் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இது சீக்கிரமாகவும் கடுமையாகவும் வருகிறது. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பெற்றோரிலோ உடன்பிறந்தவர்களிலோ ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு.

சரி, 15இல் இருந்துகொண்டே பார்வை போனவர் கதை என்ன? அது நார்மல் அழுத்த கிளாக்கோமா. கோணம் திறந்தே இருக்கும், எண்ணும் 21க்கு உள்ளேயே இருக்கும், நரம்பு மட்டும் அதே பாணியில் அழியும். ஜப்பானின் தாஜிமி நகரில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். திறந்த கோண கிளாக்கோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் 21 அல்லது அதற்குக் கீழேதான் இருந்தது. அழுத்தத்தை மட்டும் அளந்து ஆள் பிடிக்கப் போயிருந்தால் பத்தில் ஒன்பது பேர் தப்பிப் போயிருப்பார்கள்.

இவர்களுடைய நரம்பு, மற்றவர்கள் தாங்கும் அழுத்தத்தையே தாங்க முடியாததாக இருக்கலாம். நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டமும் போதாமல் இருக்கலாம். ஒற்றைத் தலைவலி, குளிரில் விரல் நுனி வெளுத்துப்போவது, இரவில் ரத்த அழுத்தம் ரொம்ப இறங்குவது ஆகியவை இவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் படுக்கப் போகும்போது போடுகிற பழக்கம் இருந்தால் கண் டாக்டரிடமும் சொல்லிவைக்க வேண்டும். நார்மலாக இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து என்ன பயன் என்று தோன்றும். ஆனால் பயன் இருக்கிறது. 1998இல் வெளிவந்த ஆய்வில் அழுத்தத்தை 30 சதவீதம் குறைத்த கண்களில் 12 சதவீதத்தில்தான் நோய் முன்னேறியது. சும்மா விட்ட கண்களில் அது 35 சதவீதம்.

மூடிய கோண வகை

இதன் கதையே வேறு. இங்கே கண்ணின் கட்டமைப்புதான் பிரச்சினை. கண் உருண்டை சிறியது, முன்னறை ஆழம் குறைவு, வயதாக ஆக லென்ஸ் தடித்து ஐரிஸை முன்னுக்குத் தள்ளுகிறது. பாப்பா அரைகுறையாக விரிந்திருக்கும் நேரத்தில் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்ள, பின்னால் சுரக்கும் திரவம் முன்னால் வர வழியில்லாமல் ஐரிஸை உப்பவைக்கிறது. உப்பிய ஐரிஸ் மூலையை அடைத்துவிடுகிறது. பிளஸ் பவர் கண்ணாடி போடும் தூரப்பார்வைக்காரர்கள், பெண்கள், வயதானவர்கள், ஆசியர்கள் ஆகியோரிடம் இது அதிகம். உலகக் கணக்கில் திறந்த வகையைவிட இதன் எண்ணிக்கை குறைவு. ஆனாலும் கண்ணைப் பறிப்பதில் இதன் பங்கு எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது.

திடீரென்று முழுவதும் அடைபட்டால் அதற்குத் தீவிரத் தாக்குதல் என்று பெயர். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்போதோ, சில மாத்திரைகளுக்குப் பிறகோ ஆரம்பிக்கலாம். ஒரு பக்கக் கண்ணிலும் நெற்றியிலும் மண்டையைப் பிளக்கும் வலி, கண் ரத்தச் சிவப்பு, பார்வை புகைமூட்டம், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், குமட்டல், வாந்தி எல்லாம் சேர்ந்து வரும். அழுத்தம் 50, 60 என்று ஏறியிருக்கும். மூடிய இமையின் மேல் விரல் வைத்தால் அந்தக் கண் கல்லாகத் தெரியும். பாப்பா பாதி விரிந்து அப்படியே நிற்கும், டார்ச் அடித்தாலும் சுருங்காது. வாந்தி முன்னால் நிற்பதால் வயிற்றுக் கோளாறு என்றும், தலைவலியால் மைக்ரேன் என்றும் நினைத்து ஊசி போட்டு அனுப்பிவிடும் அபாயம் உண்டு. தலைவலியும் வாந்தியும் உள்ள ஒருவருக்கு ஒரு கண் சிவந்து பார்வையும் மங்கினால் காலை வரை காத்திருக்கக் கூடாது. இதில் போவது மணிக்கணக்கு.

எல்லோருக்கும் இப்படி ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. சிலருக்கு மாலை நேரத்தில் லேசான கண்வலியும் வளையமும் வந்து, தூங்கி எழுந்தால் போய்விடும். தூங்கும்போது பாப்பா சுருங்குவதால் கோணம் தற்காலிகமாகத் திறந்துகொள்ளும். "தலைவலிதான், தூங்கினால் சரியாகிவிடும்" என்று வருடக்கணக்கில் ஓட்டுபவர்களில் சிலர் இந்த ரகம். பெரும்பான்மையானவர்களுக்கோ எந்தச் சத்தமும் இல்லாமல் மூலை அங்குலம் அங்குலமாக ஒட்டிக்கொண்டே போகிறது. நாள்பட்ட மூடிய கோண வகை என்பது இதுதான். அறிகுறியை வைத்துத் திறந்த வகையிலிருந்து இதைப் பிரிக்கவே முடியாது. கோணத்தை ஆடி பதித்த லென்ஸ் வைத்து நேரில் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு ஐரிஸின் ஓரத்தில் லேசரால் ஒரு நுண்ணிய துளை போடுகிறார்கள். திரவத்துக்குக் குறுக்கு வழி கிடைத்ததும் ஐரிஸ் பின்னால் சாய்ந்து மூலை விலகும். சில நிமிட வேலை. ஒரு கண்ணில் தாக்குதல் வந்தால் மறு கண்ணின் அமைப்பும் அதேதான் என்பதால் அதிலும் துளை போட்டுவிடுவார்கள். லென்ஸ் தடிப்பே மூல காரணம் என்றால் கண்புரை அறுவை செய்து மெல்லிய செயற்கை லென்ஸ் வைப்பதே நல்ல தீர்வு. 2016இல் வந்த ஈகிள் ஆய்வுக்குப் பிறகு இந்த யோசனைக்கு வலு கூடியிருக்கிறது. கோணம் குறுகலாக மட்டும் இருந்து வேறு கேடு எதுவும் இல்லாதவர்கள் எல்லோருக்கும் துளை போட வேண்டுமா? சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆய்வில், துளை போடாத கண்களிலும் நோய் வந்தது ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. எனவே இங்கேயும் ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

வேறொன்றால் வருவது

மருந்து, அடி, வேறு நோய் என்று பிற காரணங்களால் வரும் கிளாக்கோமாக்களில் நாமே வரவழைத்துக்கொள்ளும் ஒன்று இருக்கிறது: ஸ்டீராய்டு கிளாக்கோமா. கண் அரிப்புக்கும் சிவப்புக்கும் ஒரு முறை டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து நன்றாக வேலை செய்யும். அடுத்த முறை அரித்தால் அதே பாட்டிலைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொள்கிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில வாரத்தில் அழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்து பேர் சுமாருக்கு மிக அதிகமாக ஏறும். கண்ணோ தெளிவாக, அரிப்பில்லாமல், சுகமாக இருக்கும். இமை மேல் தடவும் களிம்பு, நீண்ட நாள் விழுங்கும் மாத்திரை, உறிஞ்சும் மருந்து ஆகியவற்றாலும் இது வரலாம். ஒவ்வாமையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் குழந்தைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்குள் போன நரம்பிழை திரும்பாது. வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தக் கூடாது, அது இன்னொரு ஆபத்து. கண் அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

முற்றிய சர்க்கரை நோயிலும், விழித்திரையின் மைய ரத்தக் குழாய் அடைபட்ட பிறகும், மூலையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்து வடிகாலை மூடிவிடும். குழாய் அடைப்புக்கு மூன்று மாதம் கழித்து வருவதால் 100 நாள் கிளாக்கோமா என்று இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. ரொம்ப முரட்டுத்தனமான வகை. பந்து பட்டோ குத்துப் பட்டோ கண்ணில் அடி வாங்கியவர்களுக்குப் பல வருடம் கழித்து அழுத்தம் ஏறலாம், அடிபட்டதே மறந்துபோயிருக்கும். கண்புரையை முற்றவிட்டால் லென்ஸ் வீங்கி மூலையை அடைக்கும், அல்லது அதன் புரதம் கசிந்து வடிகட்டியை அடைக்கும். கண்ணுக்குள் அழற்சி, லென்ஸின் மேல் படியும் வெள்ளைத் துகள்கள், ஐரிஸிலிருந்து உதிரும் நிறத் துகள்கள் என்று பட்டியல் இன்னும் போகும்.

குழந்தைகளுக்கு வருவது தனி. வடிகால் கருவிலேயே சரியாக வளராததால் வருகிறது. கைக்குழந்தையின் கண் சுவர் இளசு என்பதால் அழுத்தத்தில் கண்ணே பெரிதாகும். "எவ்வளவு பெரிய கண்ணு!" என்று பார்ப்பவர்கள் கொஞ்சுவார்கள். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருப்பது, வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, இமையை இறுக மூடிக்கொள்வது, கருவிழி நீலம் பாய்ந்து மங்கலாகத் தெரிவது ஆகியவை சேர்ந்திருந்தால் உடனே காட்ட வேண்டும். இதற்கு முதல் சிகிச்சையே அறுவைதான், சொட்டு மருந்து இல்லை.

பரிசோதனை அறையில்

முழுமையான பரிசோதனையில் அழுத்தம் அளப்பது ஒரு பகுதி மட்டுமே. கண்ணில் மரத்துப்போகும் மருந்தும் மஞ்சள் சாயமும் விட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சிறு முனையைக் கார்னியாவில் தொடுவார்கள். டாக்டருக்கு இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். அவற்றின் உள் விளிம்புகள் தொட்டுக்கொள்ளும் வரை திருகைத் திருப்பினால் அதுதான் எண். அடுத்து, ஆடி பதித்த ஒரு லென்ஸைக் கண்ணின் மேல் வைத்துக் கோணத்தைப் பார்ப்பார்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், வலிக்காது. எந்த வகை என்று தீர்மானிப்பது இந்த ஒன்றுதான். பல இடங்களில் அவசரத்தில் விட்டுப்போவதும் இதுவேதான். பிறகு நரம்பு முகப்பைப் பார்ப்பது, ஓ.சி.டி. ஸ்கேனில் நரம்பிழை அடுக்கின் தடிமனை அளப்பது, கார்னியாவின் தடிமன் பார்ப்பது.

எல்லோரும் வெறுப்பது ஓரப்பார்வைப் பரிசோதனையை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். பாதிக்கு மேல் தவறவிட்டுவிட்டோமே என்று வியர்க்கும். கவலைப்பட வேண்டாம். நீங்கள் பார்க்கும் எல்லை எது என்று கண்டுபிடிக்க, தெரியாத அளவுக்கு மங்கலாக்கிக்கொண்டே போவதுதான் அந்தக் கருவியின் வேலை. நல்ல கண்ணுக்கும் கணிசமான புள்ளிகள் தெரியாது. முதல் முறை பெரும்பாலும் சுமாராகத்தான் வரும், இரண்டாவது முறை தேறிவிடும்.

சிகிச்சை எதை நோக்கி?

போன பார்வையை எந்தச் சிகிச்சையும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் குறி. ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கு அழுத்தம் வைப்பார்கள். நோய் முற்றியிருக்க முற்றியிருக்க இலக்கு கீழே போகும். ஒவ்வொரு 1 மி.மீ. குறைப்பும் நோய் முன்னேறும் வாய்ப்பை 10 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது என்று சுவீடனில் நடந்த ஆய்வு காட்டியது. 18ஐ 16 ஆக்க டாக்டர் மெனக்கெடுவது இதற்காகத்தான்.

லட்டானோபிராஸ்ட் வகை சொட்டு மருந்து பின்வழிக் கசிவைக் கூட்டுகிறது. இரவில் ஒரு சொட்டு போதும். இமைமுடி நீளும், இமைத் தோல் கொஞ்சம் கறுக்கும். டிமோலால் சுரப்பைக் குறைக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் இது ஆகாது, "சொட்டு மருந்துதானே" என்று அலட்சியம் வேண்டாம். மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்துவிடும். அதனால்தான் சொட்டு விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். கண்ணில் ஒரு சொட்டுக்கே இடம் போதாது, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். இரண்டு மருந்து இருந்தால் நடுவே 5 நிமிடம் விட வேண்டும்.

திறந்த கோணத்தில் வடிகட்டித் திசுவின் மேலேயே லேசர் பாய்ச்சும் முறையும் இருக்கிறது. முன்பெல்லாம் மருந்து பலிக்காதபோதுதான் அதற்குப் போவார்கள். 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் 74 சதவீதம் பேர் மூன்று ஆண்டு வரை சொட்டு மருந்தே இல்லாமல் இலக்கில் நின்றார்கள். தினமும் மருந்து விட மறப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். இரண்டும் போதாதபோது அறுவை: கண் சுவரில் திரவத்துக்குப் புது வாசல் திறந்து வெள்ளைப் படலத்தின் அடியில் வடிய விடுவார்கள், அல்லது நுண்குழாய் பொருத்துவார்கள்.

மருந்து விட்டும் கண்ணில் எந்த வித்தியாசமும் தெரியாது. விடாவிட்டாலும் தெரியாது. பாட்டில் தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சில அன்றாடக் கேள்விகள்

போன், டிவி பார்ப்பதால் கிளாக்கோமா வராது. நடை, ஓட்டம், நீச்சல் நல்லது. தலைகீழாக நிற்கும் ஆசனம் மட்டும் வேண்டாம். சிரசாசனத்தில் கண் அழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாலும் கொஞ்ச நேரத்துக்கு ஏறும், பிரித்துக் குடியுங்கள். ரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் ஒன்றல்ல. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்குக் கிளாக்கோமா என்று உறுதியானால் உடன்பிறந்தவர்களிடமும் வயது வந்த பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பாமல், கோணமும் நரம்பும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டு. சளி மாத்திரை, பயண வாந்தி மாத்திரை, சிறுநீர்ப்பை மருந்து, சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றின் சீட்டில் "கிளாக்கோமா உள்ளவர்கள் எச்சரிக்கை" என்று பொதுவாக அச்சிட்டிருப்பார்கள். இவை பாப்பாவை விரித்துக் குறுகிய கோணத்தை அடைத்துவிடும் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் காரணம். திறந்த கோணக்காரர்களுக்கும், லேசர் துளை போட்டாகிவிட்ட பெரும்பாலோருக்கும் அந்தப் பயம் இல்லை. ஆபத்து உண்மையில் யாருக்கென்றால், கோணம் குறுகலாக இருப்பது தெரியாமலே இருப்பவர்களுக்குத்தான். மாறாக, திறந்த கோணக்காரர் பயப்பட வேண்டியது ஸ்டீராய்டுக்கு. எனவே அடுத்த முறை போகும்போது உங்கள் வகை, ஆரம்பத்தில் இருந்த அழுத்தம், இலக்கு, கார்னியாவின் தடிமன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல்லுக்கோ மூட்டுக்கோ வேறு டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளைக் காட்டலாம்.